முப்பதாம் தேதி வரை

வயலின் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?
மார்கன் கேட்டது நியாயமான கேள்வி.
தட்டு கழுவிக்கொண்டே கேட்டார்,
நானும் துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

முப்பத்தோரு வருஷம்.
அதன் தலை சாய்ந்து சாய்ந்து
கணுக்காலில் ஒரு காசளவு தோல்
கறுத்துத் தடித்துக் கிடக்கிறது.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
ஸ எங்கே என்று விரல் போய் நிற்கும்.
அதுதான் குறை என்றால்
யாருக்குப் புரியும்?

கீபோர்டு வாங்கலாம் என்றான் மகன்.
ஃபிரிட்ஜில் ஒட்டிய மின்வெட்டு அட்டவணையைக் காட்டினேன்.
செவ்வாய் ஆறிலிருந்து எட்டரை,
வியாழன் எட்டிலிருந்து பத்தரை.
எனக்கு ஓய்வு எப்போது என்று
கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.
புல்லாங்குழலுக்கு என் ஆஸ்துமா சம்மதிக்கவில்லை.
மிருதங்கத்துக்குக் கீழ்வீட்டு மிஸஸ் ஃபான் ஸெய்ல்.
செல்லோ சொன்ன விலைக்கு
ஒரு பழைய டொயோட்டாவே வரும்,
பின்சீட்டோடு.

வெருலம் பஸ் நிலையத்துக்கு எதிரே அடகுக் கடை.
துளைபோடும் மெஷின்கள், இஸ்திரிப் பெட்டிகள்,
ஜோடி தொலைத்த ஒரு ஸ்பீக்கர்.
நடுவில் ஆறு மூலையாய் ஒரு கன்சர்டினா,
துருத்தியின் மடிப்பில் சிவப்பு டேப்.
தூக்கினேன்.
மூச்சு விட்டது.

ஒரே பொத்தான்.
அழுத்தித் தள்ளினால் ஒரு சுரம்,
அழுத்தி இழுத்தால் வேறொன்று,
போகும்போது ஒரு பேச்சு, வரும்போது ஒரு பேச்சு.
ஸ இருக்குமென்று நினைத்த இடத்தில்
கதவைத் திறந்தது
எனக்குத் தெரிந்த யாரும் இல்லை.

கடைக்கார பெகானி சிரித்தான்.
வைத்தவர் உள்ளே திறந்து
நாக்குகளை இடம் மாற்றியிருக்கிறார் ஆன்ட்டி,
ஜூலுப் பாட்டுக்கு அப்படித்தான் வேண்டும்.
நாக்கு மாறுவது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான்.
திருப்புளிகூடத் தேவைப்படவில்லை.

முப்பதாம் தேதி வரை அவருக்குத் தவணை.
அதுவரை விற்க முடியாது.
வாசித்துப் பார்க்கலாம், காசில்லை.

நான்கு சனிக்கிழமை
பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து வாசித்தேன்.
வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை.
வட்டி கட்ட வந்தவர்கள் எண்ணிக்கை தவறினார்கள்.
ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்தியது.
எவ்வளவு நாளாயிற்று,
நான் வாசித்து ஒருவர் காதைப் பொத்தி!
அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி ஐந்து சுரம் வரிசையாக நின்றது.
மோகனமா என்றால், இல்லை.
தூரத்து உறவுகூட இல்லை,
ஒருவேளை ஒரே பஸ்ஸில் போயிருக்கலாம்.

இருபத்தொன்பதாம் தேதி அவர் வந்துவிட்டார்.
பெயர் ங்குபானே. இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ்,
எண்ணி மடித்த நோட்டுகள்.
கைவாரைக் கட்டைவிரலால் தடவி
யாரோ கடைசிப் பொத்தானைப் போட்டு அழுத்தியிருக்கிறார்கள் என்றார்,
சிக்கிக்கொண்டே இருந்தது,
இப்போது சிக்கவில்லை.
கோபமா நன்றியா, முகத்தில் தெரியவில்லை.
என் பின்னால் இருந்த பெயின்ட் டின்னை
ஒருமுறை பார்த்தார்.

வாசலிலேயே ஆரம்பித்தார், நடந்துகொண்டே.
நான் தேடிய ஸ
அவருக்குத் தேவைப்படவே இல்லை.
பஸ் திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் கேட்டது.

வெறுங்கையோடு வீடு. மின்சாரம் இல்லை.
மெழுகுவத்திப் பக்கத்தில் வயலினை எடுத்தேன்.
வில்லை இழுத்தேன்: ஸ.
தள்ளினேன்: அதே ஸ.
எத்தனை வருஷமாக இது இப்படி,
நான் கேட்டதே இல்லை.

இருட்டிலிருந்து மார்கன்:
என்ன, இன்னொன்று வேண்டாமென்று ஆகிவிட்டதா?

வார்விக் சந்தைப் பக்கம் இரண்டு அடகுக் கடை இருக்கிறதாம்,
அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றேன்.
புதுசாக எதுவும் வேண்டாம்.
யாராவது ஒருமுறை
திறந்து பார்த்ததாக இருக்கவேண்டும்.