நிரப்பாத கட்டம்

ஐகிரவுண்டு, மருத்துவக் கல்லூரி, மூன்றாம் மாடி.
ஏசி ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது.
புள்ளியியல் உதவியாளர்கள் பதினெட்டுப் பேர்,
பிளக் பாயிண்ட் பதினொன்று.
நாகர்கோவில்காரர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு வந்திருந்தார்.
ஐந்து நாளும் அவர் பக்கத்து நாற்காலிக்குத்தான் போட்டி.

பாடம் எடுத்தவள் செய்யதலி பாத்திமா.
மேலப்பாளையத்துப் பெண், என் வயதில் பாதி.
ரேண்டம் ஃபாரஸ்ட் என்றால் காடு என்றாள்.
எங்களுக்குக் காடு என்றால் உளுந்து விதைத்த இடம்.
"இதில் ஐந்நூறு மரம்.
பதிவான முதல் நாள் விவரம் மட்டும் கொடுப்போம்,
வயது, எடை, சிடி4, வீடு எத்தனை கிலோமீட்டர்.
ஒவ்வொரு மரமும் தன் போக்கில் கேள்வி கேட்டு
கடைசியில் ஓட்டுப் போடும்:
ஒரு வருடத்துக்குள் மாத்திரையை விடுவார், விடமாட்டார்."
"கள்ள ஓட்டு உண்டா?" எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டார்.
சிரித்தோம்.
"உண்டு," என்றாள் அவள் சிரிக்காமல்.
"நீங்கள் நிரப்பிய கட்டங்கள்."

நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டேன்.
பதினோரு வருடம் நான் தட்டிய கோப்பு.
நாலாயிரத்துச் சொச்சம் வரிசை, பெயர் கிடையாது.
எனக்கு மட்டும் எண்ணுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும்.
காலிக் கட்டம் போனால் மெமோ வரும்.
எடை விடுபட்டால் வாய்க்கு வந்த ஐம்பது,
கைபேசி விடுபட்டால் பத்து ஒன்பது.
நாலு மணிக்குள் அனுப்ப வேண்டுமே.

ஐந்நூறு மரமும்
அந்த ஒன்பதுகளைத்தான் முதலில் பிடித்தன.

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது.
உச்சியில் 2317.
விடுவார், நூற்றுக்கு எண்பத்தாறு.
தூரம் அறுபத்திரண்டு, கைபேசி ஒன்பதுகள்.

2317-ஐ எனக்குத் தெரியும்.
இட்டமொழிக்கும் அந்தப் பக்கம்.
வழியிலேயே ஒரு மையம் உண்டு,
பஸ் அங்கே நிற்கும்போது
முந்தானையை இழுத்து மூடி உட்கார்ந்திருப்பாளாம்.
அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர் கொழுந்தனுக்குக் கூட்டாளி.
"நம்பர் போடாண்டாம்க்கா, போனு அவுக கையிலதான் இருக்கும்."
ஒன்பது வருடம். ஒரு மாதம் பிந்தியதில்லை.

பட்டியலின் அடியில் 941.
இருப்பார், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
பட்டதாரி, சரியான எண், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு தெரு.
வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு, அதில் அவன் மச்சினன்.
நாலே மாதம் வந்தான்.

"2317 ஃபால்ஸ் பாசிட்டிவ்," என்றாள் பாத்திமா.
அறை சட்டென்று அடங்கியது.
அவள் சொன்னது கணக்கில் வரும் சொல்தான்.
எங்கள் மேசைகளில் அதைக் கேட்டு
ஒரு குடும்பமே தரையில் உட்கார்ந்து அழுததுண்டு.

கையைத் தூக்கினேன்.
"தூரம் எல்லாருக்கும் கஷ்டம் இல்லம்மா.
சிலருக்கு அது முக்காடு."

மேசை விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள்.
"இது எந்தக் கட்டத்தில் இருக்கு?"
"எதிலயும் இல்ல."
"எழுதலாமே."
எழுதலாம்.
எழுதாதே என்று அவள் கேட்டதை எழுதினால்தான்
இயந்திரம் அவளைச் சரியாகப் படிக்கும்.
இதற்கு எந்த மரத்தில் கேள்வி இருக்கிறது?

ஊருக்கு வந்து ஒன்பதுகளை அழித்தேன்.
கோப்பின் ஓரத்தில் ஒரு கட்டம் புதிதாய்ச் சேர்த்தேன்:
'கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.'
ஆம் என்றால் ஒன்று. காரணம் கிடையாது.
இருநூற்றுப் பன்னிரண்டு ஒன்றுகள் எனக்கே நினைவிருந்தன.
மெமோ வந்தது.
பதில் இன்னும் எழுதவில்லை.

ஒன்பதாம் தேதி 2317 வந்தாள்.
"என்னப் பத்தி என்னக்கா போட்டிருக்கிய?"
"ஒண்ணுன்னு."
"அப்பன்னா?"
சொல்லத் தொடங்குவதற்குள்
மாத்திரைகளை எண்ணி பிளாஸ்டிக் கவருக்கு மாற்றிவிட்டாள்,
டப்பா என்றால் பையில் குலுங்கும்.
காலி டப்பாவை என் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டு
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினாள்.