எண்பத்திரண்டு டிகிரி

ஜனவரி, இரண்டாம் ஞாயிறு.
மயூர் விஹாரில் எதிர் பிளாக் காணாமல் போயிருந்தது.
பனிக்குள்ளிருந்து முதலில் சைக்கிள் மணி வந்தது,
கொஞ்ச நேரம் கழித்துப் பால்காரர்.

சான்ட்ரோவின் மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தேன்.
வயது பதினான்கு.
டெல்லிச் சட்டப்படி இன்னும் பதினோரு மாத ஆயுள்.
"அதுக்குப் போயா செலவு?" என்றார் இன்பசேகரன்,
பால்கனியில், குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து.

நான் தணிக்கைத் துறைக்காரி.
செலவுக்குக் காரணம் எழுதத் தெரியும்:
வண்டி வாங்கியது ஜூனில்.
குளிர் வந்த பிறகுதான் தெரிந்தது,
ஹீட்டர் ஊதுவதும் குளிர்தான் என்று.
ஐ.டி.ஓ. வரை ஓட்டினாலும்
வெப்பமுள் படுத்த இடத்திலிருந்து எழுவதில்லை.
தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும் என்று
ரஷீத் இரண்டாயிரம் கேட்டார்.
காஷ்மீரி கேட்டில் பாகம் அறுநூற்று நாற்பது.
மிச்சம் என் கைகளுக்குக் கூலி.

துணி ஊறவைக்கும் பேசினில்
பச்சைத் தண்ணீர் இறங்கியது.
யாரோ மாட்டிவிட்ட பள்ளி ஸ்வெட்டரில்
லட்டு வந்து மூக்கை நீட்டியது.
போடீ, அது இனிக்கும்,
இனித்துக்கொண்டே சிறுநீரகத்தை முடிக்கும்.
பேசின்மேல் இட்லிப்பானை மூடி,
மூடிமேல் செங்கல்.

பத்தாம் நம்பர் போல்ட் இரண்டு.
ஒன்று கேட்டதும் வந்தது.
மற்றதற்கு எண்ணெய் விட்டேன், தட்டினேன், காத்திருந்தேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன்.
சால்வையோடு வந்து நின்ற சப்பர்வால் சாகிப் சொன்னார்:
"அதை எதுக்கு மாத்தணும்? எடுத்தே போட்டுடு பேட்டி.
நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?"

போல்ட் கிறீச்சிட்டு இளகியது.
மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை.

ஏதோ ஒரு மே மாதத்தில், ஏதோ ஒரு பட்டறையில்
யாரோ அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
ஒழுங்காக மூடி, ஒழுங்காக முறுக்கி
ஒருவேளை பில்லும் போட்டிருக்கிறார்கள்.
பதிவேட்டில் உண்டு, இருப்பில் இல்லை.
இருபத்தொரு வருட உத்தியோகத்தில்
எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் இதை.
கையில் கிரீஸோடு எழுத வேண்டிவந்தது இன்றுதான்.
சப்பர்வால் சாகிப் எட்டிப் பார்த்துவிட்டு
"பாத்தியா?" என்றார், தான் ஜெயித்ததைப் போல.

புதியதை நம்பி அப்படியே பூட்ட மனமில்லை.
மாடிக்குக் கொண்டுபோய்
பால் பாத்திரத்தில் நூல்கட்டித் தொங்கவிட்டேன்.
தயிருக்கென்று வாங்கி
ஒருநாளும் தயிரைப் பார்க்காத வெப்பமானியை
இன்பசேகரன் பிடித்துக்கொண்டார்.
"டீ?"
"இதுக்கப்புறம்."
அறுபது. எழுபது. எழுபத்தைந்து.
பித்தளை வாயை இறுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.
இருவரும் ஒரே பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்து
எத்தனை நாளாயிற்று என்று கணக்கிடவில்லை.
அவர் கண்ணாடியில் ஆவி படர்ந்தது.
"எண்பத்திமூணு" என்றவர்
அதே மூச்சில் "ஏய், திறக்குது" என்றார்,
தூங்கும் குழந்தையைக் காட்டுகிறவர் குரலில்.
உள்ளே ஒரு பொட்டு மெழுகு, அவ்வளவுதான்.
இளகினால் வழிவிடும், இறுகினால் அடைக்கும்.

சின்ன ஊசி மேலே பார்க்க உட்காரவைத்தேன்.
புது வாஷர். இரண்டு போல்ட்.
கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திருப்பி
ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்கும்வரை நின்றேன்.
பெரிய குமிழி, சின்னது, ஒரு ஏப்பம், பிறகு ஒன்றுமில்லை.
முள் எழுந்தது. பாதியில் நின்றது.
விரலிடுக்கில் வெந்நீர்போல் காற்று வந்தது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவதாக இருந்தோம்,
முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க.
வண்டியை அணைத்துவிட்டுக்
கைகழுவித் திரும்புவதற்குள்
லட்டு இன்ஜினுக்கு அடியில் சுருண்டிருந்தது,
ஸ்வெட்டரின் பள்ளி முத்திரை மேலே தெரிய.

சாவியைப் பைக்குள் போட்டேன்.
மேலே டீ கொதிக்கும் வாசனை.
அதே பாத்திரத்தில் போட்டிருப்பாரோ?