பாட்டுகள் என்று பெயரிட்ட ஸிப்

சீ டிரைவ் சிவந்துபோய்க் கிடக்கு.
மகளுக்கு வந்த வினாத்தாள் பொதியை விரிக்க
இடமில்லை என்கிறது.
பகல் மூன்று மணி. கல்லடியில், கடல்காற்று
ஜன்னல் கம்பியோடு சேர்த்து
சிபியூவின் ஆணிகளையும் தின்கிற வீடு.

பழையதைச் சுருக்கித்தான் இடம் எடுக்கவேண்டும்.
கடிதங்களும் கணக்குகளும் நன்றாகச் சுருங்கின.
ஒரே சொல் நூறுதரம் வந்தால்
ஒருதரம் எழுதிவிட்டு, மற்ற இடமெல்லாம்
'அதே' என்று குறித்துக்கொள்ளுமாம்.
தோஹாவிலிருந்து லோகிதன் எடுக்கிற அழைப்புகளை
இதற்குள் போட்டால்,
சாப்பிட்டியா, பிள்ளை படிக்குதா, சரி வைக்கிறன்,
ஆறு வருசம்
ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

படங்கள்தான் மசியவில்லை.
கலியாண அல்பம் நாலு ஜீபி.
அரை மணித்தியாலம் உறுமிவிட்டு
மூன்று தசம் ஒன்பது என்றது.
எடுத்தபோதே சுருக்கி வைத்தவையாம் அவை.
இனி விட்டுக்கொடுக்க அவற்றிடம் ஒன்றுமில்லை.

மறுகா, டீ டிரைவின் அடியில்
'பாட்டுகள்' என்றொரு ஸிப்.
மொத்தமே இரண்டு எம்பி.
அரைப் பாட்டுக்கும் காணாது.
தொட்டால் கடவுச்சொல் கேட்கிறது.

மகள் பிறந்த நாள். பிழை.
மோட்டார்சைக்கிள் நம்பர். பிழை.
அவன் அடையாள அட்டை இலக்கம்,
கடைசி எழுத்தோடும் இல்லாமலும். பிழை, பிழை.
மாமாங்கம். பிழை.
கம்ப்யூட்டருக்குக் கோபம் வருவதில்லை.
எத்தனைதரம் தவறினாலும் அதே சின்னப் பெட்டி,
நின்ற இடத்தில் துடிக்கிற அதே கோடு.
தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

சும்மாதான் அடித்தேன்,
அவன் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பேரை. வாசு.
பிழை.
பக்கத்தில் ஒரு ஒன்று போட்டேன். பிழை.
இரண்டு.

விரிந்தது.

அடகுச் சீட்டுகள். எட்டு.
ஸ்கேன் பண்ணி, திகதி வரிசையில். என்ன ஒழுங்கு!
லொக்கரில் கிடக்கு, பத்திரம் என்று
அவன் சொன்ன என் நகையெல்லாம்
கிராம் கணக்கில் இங்கே கிடக்கு.
அட்டியல்: ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டின மாதம்.
சங்கிலி: மகள் டெங்குவோடு
பிரைவேட் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம்.
கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பன்.
காப்பு ஒரு சோடி, பதினாறு தசம் இரண்டு.
அந்தத் திகதியைத் திரும்பவும் பார்த்தேன்.
கம்பனி தவணைக்குத் தந்தது என்று சொல்லி
இந்தக் கம்ப்யூட்டரை அவன்
ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கின கிழமை.

விசைப்பலகையில் கிடந்த கையை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன்.
மறுகா திருப்பி வைத்தேன்.
இத்தனை வருசமும் என் காப்பில்தான்
தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
என்னிடம் ஒளிக்க
என் பேரைவிட்டால்
வேறு பூட்டுக் கிடைக்கவில்லை அவனுக்கு.

எட்டையும் திரும்பச் சுருக்கினேன்.
அதே பெயர், அதே இடம். கடவுச்சொல் மட்டும்
இப்போது என்னுடையது.
கலியாண அல்பத்தைத் தூக்கி ஒரு பென்டிரைவில் போட்டு
மேசை லாச்சிக்குள் தள்ளினேன்.
சிவப்பு நீலமாயிற்று.
வினாத்தாள்கள் ஒவ்வொன்றாக இறங்கின,
இரசாயனவியல் முதலில்.

ஏழரைக்கு அழைப்பு.
"என்னகா, கம்ப்யூட்டர் வேல செய்யுதா?"
"செய்யுது. இடம் காணாம இருந்தது. எடுத்திட்டன்."
"சாப்பிட்டியா?"
அதே.
"பிள்ளை படிக்குதா?"
அதே.

அவன் வைத்த பிறகுதான் உறைத்தது.
இரண்டு என்றால், ஒன்று எங்கே?
தேடுகிற பெட்டியில்
ஒரு புள்ளி வைத்து ஸிப் என்று அடித்தேன்.
பச்சைக் கோடு
இடமிருந்து வலமாக, ஒரு அவசரமுமில்லாமல்
ஊரத் தொடங்கியது.