கழுத்தளவு

வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க,
ஆ என்று சொல்ல வேண்டாம்.
மாதையன் திறந்தார்.
டார்ச் வெளிச்சத்தில்
லோடு ஏற்றி முடித்த வண்டிபோல
நாக்கே நிறைந்து கிடந்தது.
உள்நாக்கு தெரியவில்லை.
நான்காம் வகுப்பு என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்து,
"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் டாக்டர்" என்றார்.

பாலக்கோடு மண்டியிலிருந்து
கொச்சிக்குத் தக்காளி ஓட்டுகிறவர்.
நூற்று முப்பத்தெட்டு கிலோ.
தொப்புளில் குடலிறக்கம்.
முகவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே
என் விரல்கள் மூன்று நிற்க வேண்டும்.
இரண்டரைதான் நின்றது.

குறட்டை உண்டா?
இல்லவே இல்லை.
கதவோரம் நின்ற சாலம்மா சிரிக்கவில்லை.
"கொறட்டை விட்டா நான் தூங்கிடுவேன்.
நின்னுபோனாத்தான் முழிப்பு வரும்.
இருபது எண்ணுவேன்.
மூச்சு வரலேன்னா விலாவுல ஒரு கிள்ளு."
எத்தனை வருஷமாக?
"சின்னவன் பள்ளிக்கூடம் சேர்ந்ததிலேருந்து."

மேசையில் டேப்பைத் தேடினேன்.
அதற்குள் அவரே சொன்னார்: பதினெட்டரை.
தையல்காரி.
பொங்கலுக்குப் பொங்கல் காலரில் அரை இஞ்ச் கூட்டி
போன வருஷம்
மேல் பட்டனையே விட்டுவிட்டாராம்.
ஆனாலும் சுற்றிப் பார்த்தேன்.
நாற்பத்தேழு சென்டிமீட்டர். சரிதான்.

"ரிஸ்க்கா டாக்டர்?"
தொப்பூர் கணவாயில இறங்குறப்ப
பிரேக்கை எங்க பார்ப்பீங்க?
"மேட்டுலயே, ஓரங்கட்டி.
பாதி எறக்கத்துல பாத்து என்ன புண்ணியம்?"
அதேதான் என்றேன்.

வியாழன் காலை, தருமபுரி பெரியாஸ்பத்திரி.
தோளுக்கடியில் ஐந்து போர்வை மடித்துக் கொடுத்து
காதும் நெஞ்செலும்பும் ஒரே மட்டத்துக்கு வர
அவரை உயர்த்தினோம்.
கேமரா வைத்த கருவி, வளையும் நீளக் கம்பி,
துணைக்கு இன்னொரு மருத்துவர்,
கீற வேண்டி வந்தால் என்று
கழுத்துத் தோலில் பேனாவால் ஒரு கோடு.
இத்தனையும் வைத்துக்கொண்டு காத்திருக்க
குழாய் முதல் தடவையிலேயே
வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்தவர் ஒரு வாத்தியார்.
ஐம்பத்திரண்டு கிலோ, எல்லா அளவும் சரி.
அவரிடம்தான் என் முதுகு நனைந்தது.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

ராத்திரி வார்டில்
மாதையன் விரலில் சிவப்பாக எரியும் கிளிப்.
ஆக்சிஜன் இறங்கினால் மெஷின் கத்தும்,
நீங்க தூங்குங்க என்றேன்.
சாலம்மா தலையாட்டிவிட்டுத்
தரையில் படுத்தார், சேலையை இழுத்துப் போர்த்தி.
கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன்.
கண் மூடியிருந்தது.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
பதினாறு, பதினேழு.