இரண்டு பத்துக்கு

பல்லவனில் சீட்டு உறுதியாகிவிட்டது.
சென்னையிலிருந்து அந்தமான்.
கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம்
வயிரவனுக்கு லீவு கிடைத்திருக்கிறது.
மிச்சம் இரண்டு பேர்.
சேர்த்து நிறுத்தால் இருநூற்றைம்பது கிராம்.

கவுனிக்கு முதுகில் கறுப்புக் கோடு, அரிசியின் அதே கறுப்பு.
கும்மாயம் பழுப்பு. நெய் பட்டதுபோல்
கையில் நிற்காது.

கண்டனூர் நாத்தனார் வீட்டில் பூனை.
பங்காளி ஒருவர், "எலிக்கா ஆள் தேடுறீக?" என்றார்.
எலியில்லை, காற்றில் மிதக்கும் என்றேன்.
"அப்ப வௌவாலா?"
கைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தோல்,
தாவும்போது கைக்குட்டையாய் விரியும் என்று
சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.
மாட்டாஸ்பத்திரி டாக்டர்
பைக்குள் எட்டிப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.
பசு, எருமை, ஆடு, கோழி, இதர.
இதரவில் எழுதினார்.
தங்கவைக்க வசதியில்லை.

மாடிவீட்டு உமையாளைக் கேட்க
யோசிக்கக்கூட இல்லை.
ஆறு மாதத்தில் கதவிடுக்கில் நான்கு சீட்டு போட்டவள்.
அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு
ராத்திரி முழுக்க பில் போடுகிற வேலை.
"உங்கள் நாய்க்குட்டி
என் ஹெட்செட்டுக்குள் குரைக்கிறது.
ஓஹையோவிலிருந்து கேட்கிறார்கள்."
நாய்க்குட்டி இல்லை என்று நான் திருத்தவில்லை.
உள்ளங்கையளவு உடம்புக்கு
அந்தச் சத்தம் என்றால் யார் நம்புவார்கள்?

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது
படி ஏறினேன். கையில் பை, பைக்குள் தூக்கம்.
மன்னிப்பில் ஆரம்பித்தேன்.
உதவிக்கு வந்துசேருமுன் அவள் சொன்னாள்:
"ரெண்டு பத்துக்கு ஒண்ணு குரைக்கும். நாலு தடவை.
அப்புறம் சக்கரம் ஓடும்.
இன்னொண்ணு மூணு மணிக்கு மேலதான்.
செவ்வாக்கெழம மட்டும் அது வாயே திறக்காது, ஏன்?"

செவ்வாய், முட்டை கொடுக்கிற நாள்.
எனக்கே தெரியாது.
நான் தூங்கிவிடுகிறவள்.

அன்றிரவு சிட்டை எழுதினேன்.
மேலே சிவமயம் போடாமல் கை ஓடவில்லை.
பப்பாளி இரண்டு துண்டு, விதை நீக்கி.
கால்சியம் பொடி ஒரு சிட்டிகை.
வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது
(காரைக்குடியில் உட்கார்ந்து இதை எழுதச் சிரிப்பு வந்தது).
ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்கணும்.
இதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.
பகலில் எழுப்ப வேண்டாம்.
தொடும் முன் முகர விடவும்.
வயிரவன் போட்டுக் கழற்றிய பனியனைத் துவைக்க வேண்டாம்.
வெட்கமாக இருந்தது, அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஹாவ்லாக்கில் கடல் பச்சையாக இருந்தது.
வயிரவன் குறட்டை விட்டான்.
நான் இரண்டு மணிக்கு விழித்து
பத்து நிமிடம் காத்திருந்தேன்.
சிக்னல் இல்லை.
நாலாம் நாள் போர்ட் பிளேரில் மொத்தமாக வந்து விழுந்தன
ஒலித்துண்டுகள். ஒரு எழுத்துக்கூட இல்லை.
2.10. 2.11. 2.10.
மூன்றாவதில் குரைப்புக்குப் பின்னால்
யாரிடமோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்,
நாய் இல்லை மேடம்.
இல்லை, பறவையும் இல்லை.

திரும்பி வந்ததும் கவுனி என் விரலை முகர்ந்து சீறியது.
உப்பு வாடையாக இருக்கும்.
கும்மாயம் உமையாளின் துப்பட்டாவை விட்டு வர மறுத்தது.
துப்பட்டாவோடு எடுத்து வந்தேன்.
சிப்பி வளையல் கொடுத்தோம்.
"டைப் அடிக்கையில இடிக்கும்," என்றாள்.
வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து
கதவிடுக்கில் ஐந்தாவது சீட்டு.
"நேற்று இரண்டுமே குரைக்கவில்லை. ஏன்?"

காலண்டரைப் பார்த்தேன்.
நேற்று வியாழன்.