அடிக்கு நூற்றிருபது

சேதராப்பட்டில் போர் போட்ட இரவு
பத்தடிக்கு ஒரு குவியலாக
மண்ணை வரிசை வைத்தான் அமலதாசன்.
தொண்ணூறு வரை வெறும் கிளிஞ்சல் பொடி.
நூறில் சுருண்ட சிப்பியொன்றின் விளிம்பு,
கிடாக்கொம்பு போல.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹம்சவேணி
இரண்டுக்கும் நடுவே மண்டியிட்டு
டார்ச் அடித்தாள்.
“இங்கதான், எங்கயோ.”
விண்கல் விழுந்து
பகல் அவிந்து
கடலே பட்டினி கிடந்த காலம்.
விரற்கடை களிமண்கூடத் தேறாதாம்.

கம்ப்ரசர் குரல் மாறவில்லை.
பிட் ஒரு நொடி தயங்கவில்லை.
அந்த நேரம் பார்த்து நான்
பத்துக்கண்ணுக்கு டீ வாங்கப் போயிருந்தேன்.

நூற்றறுபதில் தண்ணீர் பீறிட்டது.
அமலதாசன் உள்ளங்கையில் ஏந்திக் குடித்து
“லேசா உப்பு, பரவால்ல” என்றான்.
பில்லில் எல்லா அடிக்கும் ஒரே விலை,
உலகம் முடிந்த அடிக்கும்.

ரிக் கிளம்பிப்போன விடியலில்
ஈரம் காயாத குவியல்களிடையே
ஓர் எலி.
அன்று வளைக்குள் பதுங்கிப் பிழைத்த
ஏதோ ஒன்றின் வாரிசு.
தொண்ணூறிலிருந்து நூறுக்கு ஓடி
மோந்து பார்த்துவிட்டு
மறுபடி தொண்ணூறுக்கு.

விரட்டக் கல் எடுத்தேன்.

ஓங்கிய கை
கொஞ்ச நேரம்
மேலேயே இருந்தது.