பிறவினை

மிளகாய் திரிக்கிற மில்லுக்கு மேலே
எங்கள் கந்தோர்.
ஜன்னலால் பார்த்தால் மல்லாகம் நீதிமன்ற மதில்.
செவ்வாய்க்கிழமைகளில் படிக்கட்டால் காரம் ஏறிவரும்.
வாங்கில் இருப்பவர்களில் யார் அழுகிறார்,
யாருக்குக் கண் எரிகிறது என்று
எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியாது.
இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுப்பேன்.

சட்டத்தரணி பிரசாந்தினி கேட்பார்,
அவர்கள் சொல்வார்கள்,
நான் சத்தியக்கடதாசி அடிப்பேன்.
அடிப்பது என்ற சொல்தான்
என் தொழிலுக்கும்.

சுகிர்தமலர் அளவெட்டியில் இருந்து
மாக்கட்டுப் போட்ட கையோடு வந்தாள்.
முறைப்பாட்டுப் பிரதியைப்
பாண் வந்த பையில் சுற்றியிருந்தாள்.
"வழுக்கி விழுந்ததில் எனது இடது கை முறிந்தது."
கீழே அவளுடைய கையெழுத்து, கோணலாக.

"நீங்கள் இப்பிடியோ சொன்னனீங்கள்?"
"இல்லை மிஸ். கதவிடுக்குக்குள்ள வைச்சு முறிச்சவர்.
எழுதின தம்பிதான் சொன்னவர்,
இப்பிடி எழுதினால்
இருட்டுக்கு முன்னம் வீட்டை போகலாம் எண்டு."

முறிந்தது, தன்வினை.
முறித்தது, பிறவினை.
பள்ளிக்கூடத்தில் இதற்கு இரண்டு புள்ளி.
தன்வினைக்கு ஆள் வேண்டாம்.
சட்டி தானே உடையும்,
சட்டை தானே கிழியும்,
கை தானே முறியும்.
அந்த நேரம் அவர்
கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றிருப்பார்.

ந் எடுத்தேன், த் போட்டேன்.
மெல்லினம் போய் வல்லினம் வந்தது.
விரலுக்கு ஒரு விசை வித்தியாசம்.

"முறித்தான்" என்று அடித்து வாசித்தேன்.
அவள் தலை நிமிர்ந்தாள்.
"தங்கச்சி, நான் அப்பிடிச் சொல்லேல்லை.
முறிச்சவர் எண்டுதான் சொன்னனான்."
எனக்குக் கோபம் வந்தது.
பிரசாந்தினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது ஆற்றை சத்தியம்? உம்மடையோ?"

மாற்றினேன்.
கதவிடுக்கில் வைத்து என் கையை முறித்தார்.
முன்னரும் பல தடவை அடித்திருக்கிறார்.
மூத்தவன் பார்த்துக்கொண்டிருக்க
என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்.
வரிக்கு வரி மரியாதை.
ஒரு வரியும் பொய் இல்லை.

பிறகு தவணைகள்.
ஒருமுறை நீதவான் லீவு.
ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல்.
இரண்டுமுறை வைத்திய அறிக்கை வந்து சேரவில்லை.
மாக்கட்டை வெட்டினார்கள்.
மூத்தவன் புலமைப்பரிசில் எழுதினான், ஆறு புள்ளி காணாது.
விறாந்தையில் மாமியார் கேட்டார்,
"எலும்பு பொருந்தியிட்டுது தானே பிள்ளை,
இனி என்னத்துக்கு இழுபறி?"
பொருந்தியது.
அது மட்டும்தான் உண்மையான தன்வினை.

கூண்டில் ஏற்றி அவர்கள் கேட்டார்கள்:
"விழுந்துதானே கை முறிந்தது?
பொலிசில் அப்படித்தானே சொன்னீர்கள்?"
மின்விசிறி சுற்றியது.
நான் பின்வாங்கில் இருந்து
மடியில் விரலால் த் போட்டுக்கொண்டிருந்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
"முறியேல்லை ஐயா. முறிச்சவர்."
நீதவான் எழுதினார்.
பேனை கடதாசியில் உரசுவது
எனக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பாதுகாப்புக் கட்டளை, பன்னிரண்டு மாதம்.
பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றி
அதில் ஒன்றும் இல்லை.
பிரசாந்தினி அந்தத் திகதிக்கு இரண்டு கிழமை முன்னால்
கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்தார்.

போன செவ்வாய்
திரிக்கக் கொடுத்துவிட்டு மேலே வந்தாள்.
பாரம் தூக்கினால் இன்னும் உளைகிறதாம்.
வாங்கின் நுனியில் இருந்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"தங்கச்சி, அந்தக் கடதாசியிலை
அவர் அவர் எண்டு போட்டம் எல்லே.
இனி மாத்தேலுமோ?"
"ஏலாது அக்கா. கையெழுத்து வைச்சாச்சு."
"சரி, கிடக்கட்டும்."
தும்மினாள். பிறகு சிரித்தாள்.

கீழிருந்து மில்காரர் கூப்பிட்டார்:
"அளவெட்டி மிளகாய் ஆற்றை?"
"என்ரை" என்றாள்,
நல்ல கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.